வேகம் குறையும்போது நின்றுபோகும் கார்: ஊகத்துக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னர்

நெடுஞ்சாலையில் எவ்விதக் குறையுமின்றி ஓடி வருகின்ற கார், சந்தியில் சிவப்பு விளக்கைக் கண்டு வேகத்தைக் குறைக்கின்றபோது திடீரென நின்றுவிடுகிறது. திறப்பைத் திருகினால் உடனே மீண்டும் இயங்குகிறது. அடுத்த சந்தியில் அதே கதை. பின்னால் நிற்போர் ஹோர்ன் அடிக்கின்றனர். காரில் இருக்கும் பிள்ளைகள் பயப்படுகின்றனர். பத்துப் பதினைந்து ஆண்டுகள் பழமையான காரை வைத்திருப்போர் பலருக்கு இஃது அறிமுகமான அனுபவமே.

புலம்பெயர்ந்து வந்த ஒருவர் வாங்குகின்ற முதற் கார் பெரும்பாலும் பழைய காராகவே இருக்கும். அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கும் துப்புரவு வேலைக்கோ, நள்ளிரவில் முடிகின்ற உணவக வேலைக்கோ செல்பவருக்குப் பேருந்து கிடைப்பதில்லை. கார் நின்றால் வேலையும் நின்றுபோகும். ஆதலால் இந்தக் கோளாறு தோன்றியதும் அவர் அவசரமாகக் கராஜுக்கு ஓடுகிறார். அங்கே பிளக்குகள் மாற்றப்படுகின்றன. கார் மீண்டும் நிற்கிறது. பின்னர் சென்சர் ஒன்று மாற்றப்படுகிறது. அதன் பின்னர் பெற்றோல் பம்பி. ஈற்றில் காரின் பெறுமதியிலும் கூடிய பணம் செலவாகிவிட்டதை அவர் உணரும்போது, கார் இன்னமும் சந்தியில் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

இதற்கெல்லாம் கராஜ்காரரின் நேர்மையீனமே காரணம் என்று கூறிவிட முடியாது. இக்கோளாறு எந்நேரமும் தோன்றுவதன்று. கராஜின் வாசலில் நிறுத்திப் பார்க்கும்போது கார் ஒழுங்காகவே இயங்கும். கோளாற்றை நேரிற் கண்ட சாட்சி ஒருவரே, அவர் காரோட்டி. அந்தச் சாட்சிக்கோ தான் கண்டதை ஜேர்மன் மொழியிலோ, பிரெஞ்சிலோ, ஆங்கிலத்திலோ நுணுக்கமாக எடுத்துரைக்க முடிவதில்லை. "கார் நிற்கிறது" என்ற இரு சொற்களோடு வாக்குமூலம் முடிந்துவிடுகிறது. சாட்சியம் இல்லாத இடத்தில் ஊகம் புகுந்துகொள்கிறது. ஊகத்துக்கான செலவைக் காரின் சொந்தக்காரர் செலுத்துகிறார்.

எனவே, கராஜுக்குப் போவதற்கு முன்னர் நாமே எவற்றைக் கவனிக்கலாம், எவற்றை எழுதி வைக்கலாம் என்பதை இங்கே நோக்குவோம். இதற்குப் பொறியியல் அறிவு வேண்டியதில்லை. ஒரு தாளும் பேனையும், சில நாட் பொறுமையும் போதும்.

எஞ்சின் ஏன் நிற்கிறது?

எரிவதற்குப் பெற்றோல், அதனை எரிப்பதற்குக் காற்று, பற்றவைப்பதற்குத் தீப்பொறி ஆகிய மூன்றும் உரிய அளவில், உரிய நேரத்தில் கிடைக்கும்வரை எஞ்சின் ஓடும். ஒரு கிலோ பெற்றோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கன அளவிற் கூறின், ஒரு லீற்றர் பெற்றோலுக்குச் சுமார் 9000 லீற்றர் காற்று. எஞ்சின் உட்கொள்வதிற் பெரும்பங்கு காற்றே என்பதை நாம் பொதுவாக நினைத்துப் பார்ப்பதில்லை.

அக்சிலறேற்றரை மிதிக்கும்போது நாம் நேரடியாகத் திறப்பது பெற்றோலை அன்று. காற்றுக் குழாயினுள் இருக்கும் 'திறொட்டில்' என்னும் வட்டத் தட்டையே திறக்கின்றோம். காலை எடுத்ததும் அத்தட்டு மூடிக்கொள்கிறது. அதன் பின்னர் எஞ்சின் சுவாசிப்பது பக்கத்தேயுள்ள சிறிய வழியொன்றினூடாகத்தான். 1980களுக்குப் பின்வந்த பல கார்களில் இவ்வழியை மின்னால் இயங்கும் வால்வு ஒன்று தேவைக்கேற்பத் திறந்து மூடுகிறது. பிற்காலக் கார்களில் திறொட்டில் தட்டையே கணினி சிறிதளவு திறந்து வைத்திருக்கும்.

கார் நகராது நிற்கையில் எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருப்பதை வெற்றோட்டம் எனலாம். நான்கு சிலிண்டர் காரொன்று சூடேறிய நிலையில் வெற்றோட்டத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 650 முதல் 850 தடவை வரை சுழலும். தன் உராய்வை வெல்வதற்கும், பற்றறிக்கு மின்னேற்றுவதற்கும், ஸ்ரியறிங் பம்பியைச் சுழற்றுவதற்கும் வேண்டிய அளவு வலுவே அப்போது அதனிடம் இருக்கும். மிச்சம் மிகச் சொற்பம். வேகமாக ஓடும்போது பொருட்படுத்தத் தேவையில்லாத ஒரு சிறு குறை, வெற்றோட்டத்தில் எஞ்சினின் மூச்சையே நிறுத்திவிடுவது இதனாலேயே.

வேகம் குறைகின்ற கணம் இன்னும் நுட்பமானது. காலை எடுத்துவிட்டுக் கார் தன் உந்தத்தில் உருளும்போது, பெற்றோலைப் பீச்சும் வகை எஞ்சின்கள் பலவற்றில் கணினி பெற்றோலை முற்றாக நிறுத்திவிடுகிறது. சுழற்சி 1000 முதல் 1500 வரையான அளவுக்கு இறங்கியதும் மீண்டும் வழங்கத் தொடங்குகிறது. ஓட்டத்திலிருந்து வெற்றோட்டத்துக்கு மாறுகின்ற அந்த ஓரிரு விநாடிகளில் காற்று வழி கரியால் அடைபட்டிருந்தால், சுழற்சி உரிய அளவில் நிற்காமல் கீழே விழுந்து எஞ்சின் அணைந்துவிடும்.

முதலில் உயிர்ப் பாதுகாப்பு

ஓடிக்கொண்டிருக்கையில் எஞ்சின் நின்றால் பிறேக் இல்லாமற் போய்விடாது. பிறேக்குக்கு உதவும் வெற்றிட உறிஞ்சலை ஒருவழி வால்வு சிறிது நேரம் காத்து வைத்திருக்கும். ஆனால் அந்தச் சேமிப்பு ஓரிரு மிதிப்புகளுக்கே போதும். ஆகவே பலமுறை விட்டுவிட்டு மிதிக்காது, ஒரே தடவையாக உறுதியாக அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்ரியறிங் கனமாகிவிடும், பலத்தோடு திருப்பினால் திரும்பும். கார் உருண்டுகொண்டிருக்கும்போது திறப்பை வெளியே இழுப்பது கூடாது, ஸ்ரியறிங் பூட்டிக்கொள்ளும். எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, கியரை நியூற்றலுக்குக் கொண்டுவந்து, ஓரமாக ஒதுங்கிய பின்னரே மற்றவை.

எம்மவரிடையே இரண்டு குறுக்கு வழிகள் வழக்கில் உள்ளன. ஒன்று, இடது காலால் பிறேக்கையும் வலது காலால் அக்சிலறேற்றரையும் ஒருங்கே மிதித்துச் சந்திகளைச் சமாளிப்பது. மற்றையது, வெற்றோட்டத் திருகாணியைத் திருகிச் சுழற்சியைக் கூட்டிவிடுவது. முதலாவது விபத்துக்கு அழைப்பு. இரண்டாவது நோயை மறைத்துவிடுகிறது. பிறேக்கிலிருந்து கால் சற்றுத் தளர்ந்ததும் ஓட்டோ கியர் கார் முன்னால் பாய முற்படும். இரண்டுமே பரிகாரம் ஆகா.

எழுதி வைக்க வேண்டிய ஆறு வினாக்கள்

ஒவ்வொரு தடவை கார் நின்றபோதும், பாதுகாப்பான இடத்தில் நிறுத்திய பின்னர், பின்வருவனவற்றுக்கு விடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு தடவைகள் எழுதியதும் ஓர் ஒழுங்கு தென்படும்.

1. எஞ்சின் குளிர்ந்திருந்ததா, சூடேறியிருந்ததா? குளிரில் மட்டும் நின்றால், எஞ்சின் நீரின் வெப்பத்தைக் கணினிக்கு அறிவிக்கும் சென்சரைச் சோதிக்கலாம். நன்றாகச் சூடேறிய பின்னரே நின்று, சிறிது ஆறிய பின்னர்தான் மீண்டும் இயங்குமாயின், சூட்டில் செயலிழக்கும் மின்பாகங்கள், குறிப்பாக எஞ்சின் தண்டின் சுழற்சியை உணரும் சென்சர், ஐயத்துக்குரியன.

2. சுழற்சி காட்டும் முள் எவ்வாறு விழுந்தது? தடுமாறி, நடுங்கி, மெல்ல இறங்கினால் காற்றிலோ பெற்றோலிலோ குறை. விளக்கை அணைத்தாற்போல் ஒரே கணத்தில் நின்றால் மின்சாரத்தில் குறை. இந்த ஒரு விடையே தேடலின் அளவைப் பாதியாகக் குறைத்துவிடும்.

3. பிறேக்கை மிதிக்காமல், தானாகவே வேகம் குறைய விட்டாலும் நிற்கிறதா? மிதித்தால் மட்டும் நிற்குமாயின், பிறேக்குக்கு வலுவூட்டும் உருளையினுள் இருக்கும் றப்பர்ச் சவ்வு கிழிந்து காற்றை உள்ளே விடக்கூடும். இதற்கு எளிய சோதனை உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிறேக்கை நான்கைந்து தடவை மிதித்து, பின்னர் அழுத்திப் பிடித்தபடியே எஞ்சினை இயக்குங்கள். மிதி சற்றுக் கீழே இறங்கினால் வலுவூட்டல் வேலை செய்கிறது. இறங்காவிடினும், வெற்றோட்டத்தில் மிதிக்கும்போது காலடியில் சீறும் ஒலி கேட்பினும் அங்கே கோளாறு உண்டு. அது பிறேக் பற்றிய கோளாறாதலால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

4. ஓட்டோ கியர் ஆயின், நியூற்றலுக்கு மாற்றினால் நிற்காமல் இருக்கிறதா? ஓட்டோ கியரில், நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் இறுகப் பிணைக்கும் கிளட்ச் ஒன்று உண்டு. வேகம் குறையும்போது அது விடுபட வேண்டும். விடுபடாவிடின், கிளட்சை மிதிக்காமற் பிறேக் பிடித்த சாதாரணக் கார்போல் உதறிக்கொண்டு நிற்கும். 1980களில் வெளிவந்த ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் முன்சில்லு இழுவைக் கார்களில், இதனைக் கட்டுப்படுத்தும் மின்வால்வு சிக்கிக்கொள்வது மெக்கானிக்குகள் நன்கறிந்த விடயம்.

5. அப்போது எஞ்சினுக்கு மேலதிகச் சுமை இருந்ததா? குளிரூட்டி, முன்விளக்கு, கண்ணாடிச் சூடாக்கி, முழுமையாகத் திருப்பிய ஸ்ரியறிங் ஆகியன ஒவ்வொன்றும் சுமையே. சுமையுள்ளபோது மட்டும் நின்றால், வெற்றோட்டத்துக்குக் காற்று வழங்கும் வால்வு போதியளவு திறக்கவில்லை என்று கருதலாம்.

6. அண்மையில் என்ன நடந்தது? பற்றறியைக் கழற்றி மாற்றியிருந்தால், பல கார்களின் கணினி தான் கற்று வைத்த வெற்றோட்ட அளவுகளை மறந்துவிடும். காரின் கைநூலிற் கூறியவாறு அதனை மீளக் கற்பிக்க வேண்டும். பெற்றோல் நிரப்பியதும் கோளாறு தோன்றுமாயின், பெற்றோல் ஆவியை எஞ்சினுக்குள் விடும் வால்வு மூடாமல் இருக்கக்கூடும்.

கண்ணும் காதும் கையும்

விடைகள் கையில் இருந்தால், செலவின்றிச் செய்யக்கூடிய சோதனைகள் அடுத்து வருவன. மூடிய கராஜினுள் எஞ்சினை ஒருபோதும் ஓட விடாதீர்கள். குளிர்காலத்தில் இவ்வாறு செய்து புகையிலுள்ள காபனோரொட்சைட்டால் உயிரிழந்தோர் உளர்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது, காற்று வடிகட்டியிலிருந்து திறொட்டில் வரை செல்லும் தடித்த றப்பர்க் குழாயைக் கையால் வளைத்து, அதன் மடிப்புகளுக்குள் வெடிப்பு இருக்கிறதா எனப் பாருங்கள். காற்றின் நிறையை அளந்து அதற்கேற்பப் பெற்றோல் வழங்கும் கார்களில், அளவுகருவியைத் தாண்டிய பின்னர் வெடிப்பினூடாக நுழையும் காற்று கணக்கில் வராது. காற்று மிகும், பெற்றோல் குறையும், எஞ்சின் அணையும். மெல்லிய றப்பர்க் குழாய்களின் முனைகளையும் இவ்வாறே பார்க்க வேண்டும். காய்ந்து, இறுகி, வெடித்த றப்பர் பழைய காருக்கு இயல்பான நோய்.

கசிவைத் தேடிச் சூடான எஞ்சின் மீது எரியக்கூடிய திரவங்களைத் தெளிப்பதைச் சிலர் செய்து காட்டுவர். அதனைப் பின்பற்ற வேண்டாம். காதருகே ஒரு நீண்ட றப்பர்க் குழாயை வைத்து, மறுமுனையை ஓடும் பட்டிகளுக்கும் விசிறிக்கும் எட்டாத இடங்களில் நகர்த்திச் சீறல் ஒலியைக் கேட்கலாம். கராஜ்களில் இதற்கெனப் புகையைச் செலுத்திப் பார்க்கும் கருவி உண்டு.

அடுத்தது திறொட்டில். குழாயைக் கழற்றிப் பார்த்தால் தட்டின் விளிம்பைச் சுற்றிக் கருமையான கரிப்படிவு தெரியும். அதற்கென விற்கப்படும் துப்புரவுத் திரவத்தாலும் சுத்தமான துணியாலும் அதனைத் துடைத்தெடுப்பதே, இக்கோளாறுக்கான மிக மலிவான பரிகாரம். காரின் கைநூல் இதற்கு இடமளிக்கிறதா என முதலிற் பாருங்கள். மின்னால் இயங்கும் தட்டை விரலால் வலிந்து தள்ளக் கூடாது. காற்றை அளக்கும் சென்சர்மீது இத்திரவத்தைத் தெளிக்கவும் கூடாது. அதற்கு வேறு திரவம் உண்டு.

பற்றறி முனைகள் இறுக்கமாகவும் சுத்தமாகவும் உள்ளனவா? எஞ்சின் ஓடும்போது பல பழைய கார்களிற் பற்றறியில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ற்று வரை இருக்கும். வெற்றோட்டத்தில் இது 12.6 வோல்ற்றுக்கும் கீழே விழுந்தால், காற்றையும் பெற்றோலையும் தேடுவதற்கு முன்னர் மின்னேற்றத்தைச் சீர்செய்ய வேண்டும்.

கணினி சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு மாதிரிகள் தொடக்கமும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2001 தொடக்கம் பெற்றோற் கார்களிலும், கோளாற்றைப் பதிந்து வைக்கும் பொதுமுறைக் கணினி இணைப்புக் கட்டாயமாக்கப்பட்டது. மலிவான வாசிப்புக் கருவியொன்றைச் செருகினால் ஓர் இலக்கம் கிடைக்கும். இலக்கம் கிடைத்ததும் விடையும் கிடைத்துவிட்டதாக எண்ணுவதிலேதான் இடர் இருக்கிறது.

பீ 0171 என்னும் இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். பெற்றோல் குறைந்து காற்று மிகுந்துள்ளது என்பதே அதன் பொருள். குழாய் வெடிப்பு, சோர்ந்த பெற்றோல் பம்பி, அழுக்கேறிய காற்றளவி ஆகிய எதுவும் இதற்குக் காரணமாகலாம். ஒட்சிசன் சென்சர் இந்நிலையைக் கண்டு அறிவித்த தூதுவன் மாத்திரமே. தூதுவனை மாற்றினால் செய்தி மாறாது. பீ 0505 வெற்றோட்டக் கட்டுப்பாட்டிலும், பீ 0335 எஞ்சின் தண்டின் சென்சர் சுற்றிலும் குறை உண்டு என்கின்றன. இவை தேடவேண்டிய திசையைக் காட்டுகின்றன. வாங்கவேண்டிய பொருளைக் கூறுவதில்லை.

எமக்குத் தெரிந்த குடும்பஸ்தர் ஒருவரின் அனுபவம் இதற்குச் சான்று. அவரிடம் 1998 ஆம் ஆண்டுக் கார் ஒன்று இருந்தது, ஓட்டோ கியர். சந்திகளில் நிற்கத் தொடங்கியதும் ஒரு கராஜில் பிளக்குகளும் வயர்களும் மாற்றினர். இரண்டாவது கராஜில் பீ 0171 என்ற இலக்கத்தைக் கண்டு ஒட்சிசன் சென்சரை மாற்றினர். மூன்றாவதில் பெற்றோல் பம்பி. மூன்று வாரச் சம்பளம் கரைந்தது. ஈற்றில், ஓய்வுபெற்ற வயோதிப மெக்கானிக் ஒருவர் அவரிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி: "நியூற்றலில் விட்டுப் பிறேக் பிடித்தால் நிற்கிறதா?" இல்லை, கியரில் இருக்கும்போது மட்டுமே. கியரில் நிற்கும்போது எஞ்சின் தன் தாங்கிகளின்மீது சற்றுச் சாய்கிறது. அச்சாய்வில் காற்றுக் குழாயின் மடிப்பில் இருந்த வெடிப்பு வாய் திறந்தது. குழாயின் விலை ஒரு நாட் சம்பளத்திலும் குறைவு. அந்தக் கேள்விக்குரிய விடை முதல் நாளிலிருந்தே காரோட்டியிடம் இருந்தது. அதனைக் கேட்பதற்குத்தான் எவரும் இருக்கவில்லை.

பழைய கைத்திறனும் புதிய எஞ்சினும்

யாழ்ப்பாணத்தில் 1990களில் பெற்றோல் கிடைக்காதிருந்த காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பலர் நினைவுகூர்வர். சில துளி பெற்றோலால் எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதே இதன் அடிப்படை. ஒலியையும் மணத்தையும் கொண்டே கோளாற்றை அறிந்த மெக்கானிக்குகள் அவற்றை ஓடச் செய்தனர்.

காபரேற்றர் பொருத்திய காரை இன்றும் பேணுவோருக்கு அவ்வறிவு அப்படியே பொருந்தும். அவற்றில் வெற்றோட்டத்துக்குரிய நுண்துளை, பழைய பெற்றோலின் பிசின் படிந்து அடைபடுவதே இக்கோளாற்றின் வழமையான காரணம். கணினியுள்ள கார்களில் ஒரு வேறுபாடு உண்டு. குறை தோன்றியதும் கணினி பெற்றோலைக் கூட்டியும் குறைத்தும் அதனை மாதக் கணக்கில் ஈடுசெய்கிறது. தன்னால் இயலாத எல்லையை எட்டிய பின்னரே எஞ்சின் நிற்கிறது. ஆகவே "நேற்றுவரை நன்றாக ஓடியதே" என்ற கூற்று, கோளாறு நேற்றுத்தான் தோன்றியது என்பதற்கு ஆதாரமாகாது.

கராஜில் கேட்க வேண்டியவை

ஆறு வினாக்களுக்கான விடைகளை, பாடசாலை செல்லும் பிள்ளையின் உதவியோடேனும், நீங்கள் வாழும் நாட்டின் மொழியில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இடையிடையே தோன்றும் கோளாறாதலால், மெக்கானிக்கை அருகில் இருத்தி அதே பாதையில் ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள். முதலிற் சோதனைக்கு மட்டும் என்ன கட்டணம் என்று கேட்டு, அதனைச் செலுத்த முன்வாருங்கள். அரைமணி நேரச் சோதனைக்குக் கொடுக்கும் பணம் வீணாவதில்லை.

ஒரு பாகத்தை மாற்ற வேண்டுமெனக் கூறப்பட்டால், "எந்தச் சோதனையால் இது பழுது என்று கண்டீர்கள்?" என வினவுங்கள். நல்ல மெக்கானிக் இக்கேள்வியால் கோபம் கொள்ளார், கண்டதைக் காட்டுவார். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். செய்த வேலையும் திகதியும் எழுதிய பற்றுச்சீட்டை அந்தத் தாளோடு சேர்த்துக் காரிலேயே வைத்திருங்கள். கார் மீண்டும் நின்றால், அடுத்த மெக்கானிக் முதலில் வாசிக்க வேண்டியது அதுவே.